மத்திய வங்கியின் காலையும் புறக்கோட்டைக் கடையின் பின்கதவும்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீ ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். கடை வைத்திருப்பவர்களும், கடையில் பிள்ளைகளை வேலைக்கு விட்டிருப்பவர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் புறக்கோட்டையில் குறுக்குத் தெரு ஒன்றில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். ஓ.எல். முடித்த கையோடு கடைக்கு வந்துவிட்டான். "சேர், மேல வந்து பாருங்க, புது ஸ்டொக் வந்திருக்கு" என்று மூன்றாம் மாடிக்குக் கூட்டிப் போனான். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. படியின் இரண்டு பக்கமும் துணிப் பொதி. மேலே ஆறேழு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஜன்னல் முழுக்க இரும்புக் கம்பி. பின்பக்கம் ஒரு கதவு இருப்பது தெரிந்தது, அதன் மேல் பாதிதான் தெரிந்தது. கீழ்ப் பாதியை மறைத்து அட்டைப் பெட்டிகள்.

"மகன், கீழே நெருப்புப் பிடித்தால் நீங்கள் எல்லாம் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தான். "அப்படி ஒன்றும் நடக்காது சேர்" என்றான். பின்கதவின் திறப்பு எங்கே என்று கேட்டேன். முதலாளியிடம் இருக்கும் என்றான். முதலாளி எங்கே? அவர் உம்ரா போயிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்தும் அந்தக் கதவு மனதைவிட்டுப் போகவில்லை. வரலாறு படிப்பிப்பவனுக்கு இருக்கிற வியாதி, எதைக் கண்டாலும் பழைய திகதி ஒன்று ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வந்தது 1996 ஜனவரி 31.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ரமழான் மாதம், முதல் பத்து. எங்கள் பாடசாலைக்கு நோன்பு விடுமுறை. புதன்கிழமை. பதினொரு மணிக்குக் கிட்ட ஒரு சத்தம். சத்தம் என்று சொல்வது சரியில்லை, வீட்டின் தரை ஒரு முறை மூச்சுவிட்டது போல இருந்தது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. நானும் தம்பியும் என்ன செய்தோம் தெரியுமா? ஜன்னலுக்கு ஓடினோம். உம்மாவும் ஓடிவந்தா. எங்களை இழுக்க அல்ல, பார்க்க. கோட்டைப் பக்கம் கறுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. வாப்பாவின் கடை புறக்கோட்டையில். கையடக்கத் தொலைபேசி இல்லாத காலம். அன்று மஃரிபுக்குச் சற்று முன்னர்தான் வாப்பா நடந்து வீடு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்கத் தூசி. நோன்பு திறக்க உம்மா நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடிக்கும்போது கை நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வெடிமருந்து நிரப்பிய லொறி ஒன்று ஜனாதிபதி மாவத்தையில் மத்திய வங்கியின் வாசலை உடைத்துக்கொண்டு போனது. அதன் பின்னால் முச்சக்கர வண்டியில் ஆயுதத்தோடு வந்தவர்கள் காவலாளிகளோடு சுட்டுக்கொண்டார்கள். லொறி வெடித்தது. விடுதலைப் புலிகளின் தாக்குதல். 91 பேர் இறந்தார்கள், சுமார் 1,400 பேர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று எல்லாரும் இருந்தார்கள். சம்பளத்துக்கு வேலைக்குப் போனவர்கள், வங்கிக்கு அலுவலாக வந்தவர்கள், நடைபாதையில் போனவர்கள். அரசியல் பேச இந்தப் பதிவை எழுதவில்லை. அதைப் பேச வேறு நாள் இருக்கிறது. இன்று நான் பேச வந்தது கட்டடத்துக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றி.

அந்தக் கணக்கில் ஒரு விடயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கண் போனவர்கள். ஒரு கண்ணையோ இரண்டு கண்களையோ இழந்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. லொறியின் இரும்பு அத்தனை பேரின் கண்ணில் போய்க் குத்தவில்லை. குத்தியது அவரவர் ஒபிஸ் ஜன்னலின் கண்ணாடி. வங்கியில் மட்டுமல்ல, சுற்றியிருந்த உயர்ந்த கட்டடங்களிலும் கண்ணாடி சொரிந்தது.

எங்கள் பழைய ஒழுங்கையில் ஒரு அன்ரி இருந்தா. அந்தக் காலத்தில் கோட்டையில் ஒரு கம்பனியில் கிளார்க். இடது கண் கண்ணாடிக் கண். சிறு வயதில் அந்தக் கண்ணைப் பார்க்க எங்களுக்குப் பயம். வளர்ந்த பிறகு ஒருநாள் அவவே சொன்னா. முதலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாம். எல்லாரும் கதிரையை விட்டு எழும்பினார்களாம். அவவும் எழும்பி ஜன்னலுக்குப் போனாவாம். அவ்வளவுதான் ஞாபகம். "சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போகாதே என்று ஒரு வசனம், தம்பி. அதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை" என்றா. அவவுக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் இன்றும் இருக்கிறது.

ஏனென்றால் அந்த ஒரு வசனம் உலகத்துக்கு 1996இல் புதிது அல்ல. கனடாவில் ஹலிஃபக்ஸ் என்று ஒரு துறைமுக நகரம். 1917 டிசம்பர் 6ஆம் திகதி காலை அங்கே வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் ஒன்று இன்னொரு கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. எரியும் கப்பலை வேடிக்கை பார்க்க ஊரே ஜன்னலுக்கு வந்தது. வேலைத்தளத்தில், பாடசாலையில், வீட்டில், எல்லா ஜன்னலிலும் முகங்கள். சுமார் இருபது நிமிடம் எரிந்த பிறகு கப்பல் வெடித்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000. கண்ணில் காயப்பட்டவர்கள் மட்டும் 5,900 பேர் என்று பதிவு இருக்கிறது. அதற்கு 103 வருடத்துக்குப் பிறகு, 2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட். துறைமுகக் களஞ்சியத்தில் தீ. மாடிகளில் நின்று ஜன்னல் வழியாகப் போனில் வீடியோ எடுத்தார்கள். அந்த வீடியோக்கள் உங்கள் எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் வந்தன. படம் நடுங்கும், வெள்ளை வளையம் ஒன்று விரியும், பிறகு படம் விழுந்துவிடும். விழுந்தது போன் மட்டும் அல்ல.

வெடிப்பின் அமுக்கம் காற்றில் அலையாக வருகிறது. ஒளி முதலில் வந்துவிடும், அலை பின்னால் வரும். தூரம் கூடினால் இடைவெளியும் கூடும். வெளிச்சத்தையோ முதல் சத்தத்தையோ கண்டு கேட்டு ஆள் ஜன்னலுக்கு வந்து சேரவும், அலை வந்து கண்ணாடியில் அடிக்கவும் சரியாக இருக்கும். ஆண்டு ஆறு பிள்ளைக்கும் விளங்கக்கூடிய பௌதிகம் இது.

ஆங்கிலேயருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் இலண்டன் வீடுகளின் ஜன்னல் கண்ணாடியில் கடதாசிப் பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டச் சொன்னார்கள். சைரன் ஊதினால் கண்ணாடிக்குக் கிட்ட நிற்காதே என்று பழக்கினார்கள். அதே விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை ஏற்பாடு, சுருக்கமாக ஏ.ஆர்.பி., இலங்கைக்கும் வந்தது. ஒலிவர் குணதிலக்க சிவில் பாதுகாப்பு ஆணையாளர். பின்னாளில் இந்த நாட்டின் முதலாவது இலங்கையரான மகாதேசாதிபதி ஆனவர் அவர்தான். கொழும்பில் வார்டன்மார் நியமிக்கப்பட்டார்கள். சைரன் பூட்டினார்கள். பதுங்கு குழி வெட்டினார்கள். இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று இருட்டடிப்பு. எங்கள் மூத்தாப்பா துறைமுகப் பக்கம் வேலை செய்தவர். லாம்புக்குக் கறுப்புக் கடதாசி சுற்றியதை உம்மாவுக்குக் கதை கதையாகச் சொல்வாராம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு வந்தன. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து சுமார் 125 விமானங்கள். குறி துறைமுகம். கொட்டாஞ்சேனைக்காரருக்குத் துறைமுகம் என்றால் ஒழுங்கையின் அந்தப் பக்கம். நாசகாரிக் கப்பலான டெனடொஸும், ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலான ஹெக்டரும் துறைமுகத்திலேயே மூழ்கின. நடுக்கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கின. அவற்றில் மட்டும் 424 பேர் இறந்தார்கள்.

கதையின் முக்கியமான இடம் இதற்கு முந்திய நாள். ஏப்ரல் 4ஆம் திகதி பின்னேரம், கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல் இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் அந்தக் கப்பற்படையைக் கண்டார். செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. செய்தி வந்து சேர்ந்தது. இதனால் பயனும் கிடைத்தது. ஆபத்து வருகிறது என்று ஏற்கனவே தெரிந்திருந்ததால் துறைமுகத்திலிருந்த பல கப்பல்களை வெளியே அனுப்பியிருந்தார்கள், அதனால் அழிவு குறைந்தது. ஆனால் விடிந்து, ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேலே வந்த பிறகுதான் இரத்மலானையில் இருந்த விமானிகள் ஓடிப்போய்த் தங்கள் விமானங்களில் ஏறினார்கள். முதல் நாளே செய்தி தெரிந்திருந்தும்! கப்பல்களுக்கு வேலை செய்த எச்சரிக்கை, ஓடுபாதையில் நின்றவனுக்கு வேலை செய்யவில்லை. குண்டு விழுந்ததற்கு அடுத்த நாட்களில் கொழும்பே காலியானது. துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கே ஒதுங்குவது, குடும்பத்தை எங்கே விடுவது என்று தெரியாத மனிதன் ஓடத்தான் செய்வான்.

இன்னொரு ஈஸ்டர் ஞாயிறும் கொட்டாஞ்சேனைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் செய்த காரியம் அது. அந்த வெட்கத்தோடுதான் அந்த வீதியால் இன்றும் போய் வருகிறேன். அன்றும் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. கந்தோருக்குக் கந்தோர் கடிதமாகப் போனது. வாசலில் நிற்பவர்களுக்குப் போகவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி உட்படப் பொறுப்பில் இருந்தவர்களை நட்டஈடு கட்டச் சொன்னது இதற்காகத்தான். அன்று ஹோட்டல்களில் இறந்தவர்களில் காலைச் சாப்பாடு பரிமாறிக்கொண்டு நின்ற ஊழியர்களும் இருந்தார்கள்.

மறுபடியும் 1942க்கு வருகிறேன். அந்த வருடத்தின் இன்னொரு பிள்ளை, 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். குண்டு விழுந்த வருடத்திலேயே எழுதப்பட்டாலும் 1950 ஜனவரி முதலாம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. இன்றும் அதுதான் சட்டம். ஆட்கள் உள்ளே இருக்கும்போது கதவை உள்ளேயிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. தீப்பிடித்தால் தப்பும் வழி இருக்கவேண்டும், அந்த வழி தொழிலாளிக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதும் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பெயரைப் பாருங்கள், தொழிற்சாலைகள். எங்கள் பிள்ளைகள் வேலை செய்வது கடையில், ஒபிசில். அவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அது பெரும்பாலும் வேலை நேரம், லீவு, சம்பளம் பற்றிப் பேசுகிறது. அதையே நம்மில் எத்தனை பேர் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம் என்பது வேறு கதை. ஆக, நான் பார்த்த அந்த மூன்றாம் மாடியைப் போன்ற இடங்களில் பின்கதவு முதலாளியின் நல்ல மனதை நம்பித்தான் இருக்கிறது.

யுத்தம் முடிந்ததும் ஏ.ஆர்.பி. கலைந்தது. வார்டன்மார் வீட்டுக்குப் போனார்கள், குழிகள் மூடப்பட்டன. அதோடு ஜன்னலுக்குப் போகாதே என்ற அந்த ஒரு வசனமும் போய்விட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கோட்டையில் ஒரு கிளார்க் அதைத் தெரியாமல் எழும்பி நடந்தா.

மத்திய வங்கி அன்றோடு நின்றுவிடவில்லை. சில தினங்களில் வேறு இடங்களிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். சக ஊழியரை அடக்கம் செய்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். அதை மெச்சாமல் இருக்க முடியாது. பின்னர் இந்த நாட்டு வங்கிகள் எல்லாவற்றுக்கும், அனர்த்தம் வந்தால் சேவையை எப்படித் தொடர்வது என்று வழிகாட்டல் கொடுத்ததும் மத்திய வங்கிதான். இன்று ஒவ்வொரு வங்கியின் கணக்குகளுக்கும் வேறோர் இடத்தில் பிரதி இருக்கிறது. ஆட்களை வெளியே கொண்டுவரும் பழக்கமும் அதே அளவுக்கு வளர்ந்ததா என்று வங்கியில் வேலை செய்யும் நண்பர்கள்தான் சொல்லவேண்டும். கீழே எழுதுங்கள்.

அடுத்த வருடம், 1997 ஒக்டோபர் 12, கோட்டையில் உலக வர்த்தக மையம் திறக்கப்பட்டது. 39 மாடி, இரட்டைக் கோபுரம், முழுக்கக் கண்ணாடி. மூன்றாம் நாள், 15ஆம் திகதி காலை, பக்கத்து ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில் குண்டு லொறி வெடித்தது. வந்தவர்களில் சிலர் லேக் ஹவுஸ் கட்டடத்துக்குள் புகுந்தார்கள், சண்டை நீடித்தது. கோபுரங்கள் நின்றன, கண்ணாடி நிற்கவில்லை. ஒபிஸ்கள் நிறையும் நேரத்துக்கு முன் நடந்ததால் இறப்பு முந்திய வருடத்தைவிடக் குறைந்தது. அது நேரத்தின் புண்ணியம், எங்கள் ஆயத்தத்தின் புண்ணியம் அல்ல.

இதே பெயரில் நியூயோர்க்கில் இருந்த இரட்டைக் கோபுரத்தின் கதையில் ஒரு மனிதர் வருகிறார். ரிக் ரெஸ்கோர்லா. மோர்கன் ஸ்டான்லி என்ற கம்பனியின் பாதுகாப்புப் பொறுப்பாளர். 1993 பெப்ரவரி 26இல் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குண்டு வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இருட்டிலும் புகையிலும் படிகளில் மணிக்கணக்காக இறங்கினார்கள். அதைக் கண்ட ரெஸ்கோர்லா, தன் கம்பனி ஆட்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை படியால் இறக்கிப் பழக்கினார். பெரிய பெரிய சம்பளக்காரர்கள். போனை வைத்துவிட்டு, இரண்டிரண்டு பேராக வரிசையில் இறங்கவேண்டும். எரிச்சல்பட்டார்கள், கேலி செய்தார்கள். மனுஷன் விடவில்லை. 2001 செப்டம்பர் 11 காலை முதல் கோபுரத்தில் விமானம் மோதியபோது, அடுத்த கோபுரத்தில் இருந்தவர்களுக்கு, கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறது, இடத்துக்குத் திரும்புங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவர் அதைக் கேட்கவில்லை. தன் கையிலிருந்த ஒலிபெருக்கியை எடுத்து, பழகியபடி இறங்குங்கள் என்றார். அந்தக் கோபுரத்தில் அவருடைய கம்பனியில் சுமார் 2,700 பேர். கிட்டத்தட்ட எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். யாராவது மிச்சமா என்று பார்க்க மறுபடி மேலே ஏறிய அவர் வரவில்லை.

நமக்கு அமெரிக்கக் கம்பனி தூரம், கிட்ட உள்ளதைப் பார்ப்போம். பங்களாதேஷ், ரானா பிளாசா. 2013 ஏப்ரல் 23இல் கட்டடத்தில் வெடிப்பு தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் அடுத்த நாள் காலை ஆட்களைக் கட்டாயப்படுத்தி வேலைக்கு ஏற்றின. 24ஆம் திகதி கட்டடம் விழுந்தது. 1,134 உயிர். ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு. வங்கிக்காரனுக்கு வீட்டுக்குப் போ என்று சொல்ல ஒருவர் இருந்தார், தையல்காரிக்கு இல்லை. ஆயத்தம் என்று பேசும்போது நாம் சிலிண்டரையும் மணியையும்தான் நினைக்கிறோம். இன்று கதவைத் திறக்கமாட்டேன், ஒருநாள் வியாபாரம் போனால் போகட்டும் என்று சொல்லும் துணிவும் ஆயத்தம்தான். அதை முதலாளிமார் மட்டும்தான் சொல்ல முடியும்.

என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. சில வருடங்களுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலை ஒன்றில் தீ ஒத்திகை வைத்தோம். பொறுப்பு எனக்கு. மணி அடித்தோம். பிள்ளைகள் கூச்சலிட்டபடி மகிழ்ச்சியாகக் கென்டீனுக்கு ஓடினார்கள். ஏனென்றால் அடித்தது இடைவேளைக்கு அடிக்கும் அதே மணி! அதிபர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. ஆனால் அன்றைக்குத்தான் இரண்டு விடயம் தெரிந்தது. ஒன்று, அவசரத்துக்கு வேறு சத்தம் வேண்டும். மற்றது, மைதானத்தில் வரிசையில் நிற்க வைத்து வரவு இடாப்பை வாசித்தபோது ஒரு பிள்ளை குறைந்தது. மலசலகூடத்தில் இருந்தது. கதவின் கொக்கி உள்ளே இறுகிவிட்டது, சத்தம் போட்டும் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. ஒத்திகை இல்லாவிட்டால் அந்தக் கொக்கியை நாங்கள் பார்த்திருக்கமாட்டோம். இடாப்பு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைத் தேடியே இருக்கமாட்டோம்.

கடைக்காரச் சகோதரர்களிடம் கேட்கிறேன், உங்களிடம் இடாப்பு இருக்கிறதா? இன்று காலை உங்கள் கடைக்குள் எத்தனை பேர் போனார்கள், யார் யார் என்று வெளியே நிற்கும் ஒருவர் தீயணைப்புப் படைக்குச் சொல்ல முடியுமா? ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டி வரும் என்பதற்காகவே பெயர் எழுதாமல் வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் புறக்கோட்டையில்? பதியாத பிள்ளையை யார் பெயர் சொல்லித் தேடுவது?

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். கொழும்பில் அறை எடுக்க வசதியில்லாமல் இரவில் கடையிலேயே படுப்பவர்கள் உண்டு. வெளியே ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போய்விடுவார். களவுப் பயம், நியாயம்தான். ஆனால் உள்ளே இருப்பது சரக்கு மட்டும் இல்லையே. இரவு இரண்டு மணிக்கு வயர் உருகினால், புகை படியால்தான் ஏறும். மாடிப்படி புகைக்குப் புகைபோக்கி. நெருப்பு எரிப்பதற்கு முன்னர் புகை மூச்சை நிறுத்திவிடும். உள்ளேயிருந்து திறக்கக்கூடிய ஒரு கதவு, அதன் திறப்பு ஒன்று உள்ளே இருப்பவன் கையில். இதற்கு எவ்வளவு செலவாகும்?

தீயணைக்கும் சிலிண்டர் வாங்கி மாட்டியிருக்கிறோம் என்பீர்கள். வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கிட்ட ஒரு கடையில் அதைக் கண்டேன். அதன் மேல் குடை தொங்குகிறது. எப்படி இழுப்பது என்று கல்லாவில் இருந்த தம்பியிடம் கேட்டேன். எழுதியிருக்கும் என்றார். எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். அந்தத் தம்பிக்குத் தமிழும் சிங்களமும்தான் தெரியும். வெளியேறும் வழி என்ற பலகையும் பல இடங்களில் அப்படித்தான். வேலை செய்பவனுக்குத் தெரிந்த மொழியில் ஒரு கடதாசியில் எழுதி ஒட்ட இரண்டு நிமிடம் போதும்.

ஒன்று சொல்லவேண்டும், காலி வீதியின் பழைய கடைக்காரர்கள் சிலரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். 1983 ஜூலையைப் பார்த்தவர்களுக்குப் பின்வாசலின் அருமையைப் பாடமாக எடுக்கத் தேவையில்லை. அப்படி ஒரு பெரியவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். இன்றும் கடையின் பின்வழியில் ஒரு சாக்குக்கூட வைக்க விடமாட்டார். மகன்மாருக்கு அது வயது போனவரின் பிடிவாதம்.

கேட்டவர்களுக்காக இலக்கங்களையும் போடுகிறேன், கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தீயணைப்பு 110, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் அவசரம் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. எழுதி வைப்பதோடு, கடையின் விலாசத்தைச் சிங்களத்தில் சொல்ல ஒரு தடவை பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். குறுக்குத் தெருக்களில் எது எந்தக் குறுக்கு என்று பதற்றத்தில் எனக்கே தடுமாறும்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசலில் கடை முதலாளிமார் சிலரைச் சந்தித்துப் பேச இருக்கிறேன். தீயணைப்பில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் இலவசமாக வந்து காட்டித் தரச் சம்மதித்திருக்கிறார். கொட்டாஞ்சேனையில் கோவில், தேவாலயம் பக்கம் இப்படி ஏற்பாடு செய்ய விரும்பும் சகோதரர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், அவரைக் கேட்டுப் பார்க்கிறேன்.

நேற்று இரவு அந்த மாணவன் போன் பண்ணினான். முதலாளி உம்ரா முடித்து வந்துவிட்டாராம், சேர் கேட்டதைச் சொன்னேன் என்றான். பின்கதவின் திறப்பு இப்போது மூன்றாம் மாடியிலேயே ஓர் ஆணியில் தொங்குகிறதாம். பெட்டிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வைக்க வேறு இடம் இல்லை சேர், பெருநாளைக்குள் விற்றுவிடுவோம் என்றான்.